வலது தோள்

அத்தியாயம் 17

இந்தக் கதையை நடுவில் பிடித்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் கேளுங்கள். வீட்டில் எனக்குப் பெயர் மூக்கி. அண்ணனின் மழை ஜாக்கெட் கம்பெனியில் பதினான்கு வருடமாக ஊரார் அக்குளை முகர்ந்து பார்ப்பது என் வேலை. சிரிக்க வேண்டாம். வாங்குகிறவர்களுக்கு எந்தத் துணி பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்கிறேன். அதில் பாதி கேள்வி கேட்பது. மீதி மோப்பம்.

நாற்பது ஜாக்கெட்டும் திரும்பி வந்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தேன். மின்கம்பம் ஏறுகிறவர்கள், சாலை போடுகிறவர்கள், தபால்காரர்கள் என்று நாற்பது பேர் மூன்று வாரம் போட்டுப் பார்த்தவை. எல்லாமே ஒரு மாதிரியான தையல். இடது பாதி எங்கள் பழைய துணி, வலது பாதி அண்ணன் புதிதாகப் பிடித்து வந்த துணி. பட்டறையில் இதற்கு அர்த்தநாரி என்று பெயர். ஒரே ஆள், ஒரே மழை, ஒரே வியர்வை. எந்தப் பாதி பிடித்தது என்று போட்டவனே சொல்லிவிடுவான்.

ஒரே ஒரு விதி. துவைக்கக் கூடாது. துவைத்தால் எனக்கு முகர என்ன மிஞ்சும்? ஒவ்வொரு ஜாக்கெட்டோடும் போகும் கருத்து அட்டையில் அதைச் சிவப்பு எழுத்தில் போட்டிருப்பேன்.

பழைய துணிக்கு நாங்கள் வைத்த பெயர் கரகரப்பான். போட்டுக்கொண்டு நடந்தால் காகிதம் கசக்குகிற சத்தம் வரும். புதியது பூனைத் துணி. மெத்தென்று இருக்கும், சத்தமே போடாது. தண்ணீர் இறங்காது, உள்ளிருக்கும் வியர்வை ஆவியாக வெளியே போகும் என்று இரண்டுக்குமே ஆலைக்காரர்கள் சத்தியம் செய்திருந்தார்கள்.

வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். காகிதத்தில் கேட்டால் தண்ணீர் இறங்கக் கூடாது, மூச்சு விடும் துணியாக இருக்க வேண்டும் என்று பெரிய படிப்பாளி மாதிரி எழுதுவார்கள். கடையில் விட்டால் மூன்று முறை ஜிப்பை ஏற்றி இறக்குவார்கள், பாக்கெட்டில் கையை விடுவார்கள், கையைக் காதருகே ஆட்டிச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கண்ணாடி. அவ்வளவுதான் ஆராய்ச்சி. "உங்கள் ஜாக்கெட் நாறுகிறதா?" என்ற கேள்விக்கு இதுவரை ஒருவரும் ஆமாம் என்று எழுதியதில்லை. அத்தனையும் நாறுகிறது ஐயா. நான் அல்லவா முகர்கிறேன்.

நாற்பதில் ஒன்று சோப்பு வாசனையோடு வந்தது. இருபத்தேழாம் எண். யாரோ விதியை மீறித் துவைத்திருக்கிறார்கள். மீறியவர்களின் அட்டையைப் படிப்பதுகூடக் கிடையாது. ஜாக்கெட்டையும் அட்டையையும் கழிவு மூட்டையில் போட்டேன். மீதி முப்பத்தொன்பதில் முப்பத்தொரு பேர் பூனைத் துணிக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டால் மின்வாரியத்துக்கு இரண்டாயிரம் ஜாக்கெட் பூனைத் துணியில் தைக்கப்படும்.

கையெழுத்து என்றால் ஏதோ அலுவலகத் தாளில் கிறுக்குவது இல்லை. எங்கள் ஜாக்கெட்டில் கழுத்துப் பட்டைக்கு உள்ளே ஒரு சின்ன வெள்ளைத் துண்டு தைத்திருக்கும். 'போட்டுப் பார்த்துச் சொன்னவர்' என்று அச்சடித்து அதன் கீழே என் கையெழுத்து. என்னிடம் இருக்கும் ஒரே சொத்து அதுதான். அதை இன்று கேட்கிறார் அண்ணன்.

இன்று காலை எட்டரை மணிக்குப் பட்டறைக்கு வந்தேன். கீழே பட்டறை, மாடியில் அண்ணன் வீடு. படியேறும் இடத்திலேயே எனக்குச் சந்தேகம். ஐந்து நாளாக அந்தப் படிக்கட்டில் ஊறிக் கிடந்த வியர்வை நாற்றத்தைக் காணோம். பின்னறைக்கு ஓடினேன். ஜாக்கெட் மூட்டை பாதியாகக் குறைந்திருந்தது.

"அண்ணீ!"

மாடியிலிருந்து வாஷிங் மெஷின் தடதடவென்று ஆடும் சத்தம் வந்தது. 

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுத்தம் என்றால் அண்ணி. கதவுக் கைப்பிடியைப் புறங்கையால் திறக்கிற ஜாதி. என் கணவர் ஒருமுறை அவர் வீட்டுச் சோபாவில் தும்மினார். மறுநாள் சோபா உறை மாறியிருந்தது. நல்லவர்தான். ஆனால் அவரோடு பத்து நிமிடம் இருந்தால் நமக்கே நம் மேல் அழுக்கு இருப்பது போலத் தோன்றிவிடும்.

"என்ன அண்ணி பண்ணி வச்சிருக்கீங்க?"

"என்ன பண்ணினேன்? மனுஷி மூச்சு விடணும்ல? அஞ்சு நாளா வீடா இது? செத்த எலி நாத்தம். சோறு இறங்கல எனக்கு."

"அது முப்பத்தொம்பது பேர் மூணு வாரமா வேர்த்த வேர்வை!"

"ஆமா, பெரிய பன்னீரு. பாட்டில்ல பிடிச்சு வையி."

"அதான் அண்ணி என் சாட்சியே. அதைப் போய்..."

"சாட்சியா? சாட்சி கூண்டுல ஏறிச் சொன்னாப் போதும், என் வீட்டுக்குள்ள வந்து நாறணுமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மெஷின் விக்கல் எடுத்தது போல நின்றது. குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகச் சாம்பல் நிறத் தண்ணீர் மேலே பொங்கி வந்தது. அண்ணி "ஐயய்யோ" என்று முக்காலியின் மேல் ஏறிவிட்டார்.

அடைப்பை எடுக்க நானே குனிந்தேன். கையை விட்டேன். சீ, இப்போது நினைத்தாலும் விரல் கூசுகிறது. வழவழவென்று, மெல்லிசாக, வெள்ளையாக ஏதோ தோல் தோலாகக் கைக்குள் சுருண்டது. வெயிலில் கருகின முதுகு உரியுமே, அந்த மாதிரி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நாற்றத்தில் பதினான்கு வருடம் பிழைப்பு நடத்தியவள் நான். எனக்கே குமட்டியது.

"என்ன கருமம்டி அது?"

"உங்க சோப்புத்தூளா இருக்கும்."

"என் சோப்பு கரையும். இது என்ன பாம்புச் சட்டை மாதிரி!"

மெஷின் மூடியைத் திறந்து மேலே இருந்த ஜாக்கெட்டை எடுத்தேன். பன்னிரண்டாம் எண். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன். இடது பாதி எப்போதும் போல விறைப்பாக, முழுசாக இருந்தது. வலது பாதியில் உள்ளே பூசியிருந்த வெள்ளைப் பூச்சு தோளிலிருந்து முழங்கை வரை உரிந்து தொங்கியது. மிச்சம் இருந்தது வெறும் துணி. சட்டைத் துணிக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

அடுத்ததை எடுத்தேன். அதற்கு அடுத்ததை. எல்லாவற்றிலும் வலது பாதி தோலுரிந்து கிடந்தது. ஒருமுறை மெஷினில் துவைத்ததற்கே இந்த லட்சணம்.

"அண்ணி, கையைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

ஜாக்கெட்டின் வலது தோளை அண்ணியின் உள்ளங்கை மேல் விரித்து மேலே ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். ஐந்து எண்ணுவதற்குள் அண்ணி கையை உதறினார். உள்ளங்கையில் தண்ணீர் தேங்கியிருந்தது. இடது தோளை விரித்து ஊற்றினேன். மணி மணியாக உருண்டு தரையில் விழுந்தது. அண்ணியின் கை காய்ந்தே இருந்தது.

அண்ணி கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.  

எனக்கு வேறொன்று மண்டையில் குடைந்துகொண்டிருந்தது. சோப்பு வாசனை. இருபத்தேழு.

கீழே ஓடிக் கழிவு மூட்டையைத் தரையில் கொட்டினேன். வெட்டின துணித் துண்டு, நூல் பிசிறு, யாரோ குடித்துப் போட்ட தேநீர்க் குவளைகள், அவற்றுக்கு நடுவில் இருபத்தேழு கிடந்தது. திருப்பினேன். வலது தோளில் பூச்சு சுத்தமாக இல்லை. இது ஒரு தடவை துவைத்தது இல்லை, மூன்று நான்கு தடவை.

அட்டை பாக்கெட்டிலேயே இருந்தது. நான் படிக்காமல் வீசிய அட்டை. எடுத்துப் பார்த்தவுடன் அந்தக் குப்பையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுத்துக்கு மேல் புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் குட்டிக் குட்டி வட்டம். உலகத்தில் ஒருத்தன்தான் அப்படி எழுதுவான்.

என் தம்பி.

கம்பெனியே வேண்டாம் என்று மின்வாரியத்தில் சேர்ந்து கம்பம் ஏறப் போனவன். அதற்காக நான்கு வருடமாக அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லாதவன். நாற்பது பேரில் யார் யார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தால் பாரபட்சம் வரும் என்று நானே போட்ட ஏற்பாடு அது. தானும் அதில் ஒருத்தன் என்று இவனும் சொல்லவில்லை.

அட்டையில் இப்படி எழுதியிருந்தான்:

'எனக்குப் பிடித்தது வலது பாதி. சத்தம் போடாது. மேலே நிற்கும்போது கீழே இருப்பவர் கூப்பிடுவது காதில் விழுகிறது. இடது பாதி காதுக்குள் கரகர என்கிறது. விதி தெரியும், மன்னிக்கவும். சாக்கடை ஓரத்துக் கம்பம் ஏறிவிட்டு வந்து துவைக்காமல் மறுநாள் போட முடியவில்லை. வாரம் ஒருமுறைக்கு மேலேயே கையால் துவைத்தேன். மூன்றாவது வாரம் வலது தோளில் ஈரம் இறங்குகிறது. குளிரில் கை விறைக்கிறது. ஒருமுறை பிடி நழுவி பெல்ட்டில் தொங்கினேன். இதை மட்டும் சரிசெய்தால் இதைவிட நல்ல ஜாக்கெட் கிடையாது. தயவுசெய்து படிக்கவும்.'

தயவுசெய்து படிக்கவும். நான் என்ன செய்தேன்? சோப்பு வாசனை வருகிறதே என்று இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி எறிந்தேன். நாற்பது பேரில் ஒருத்தன்தான் நிஜமான மனிதன் செய்கிறதைச் செய்திருக்கிறான். அழுக்கானால் துவைத்திருக்கிறான். அவனைத்தான் கணக்கிலிருந்து நீக்கினேன். அந்த நேரத்தில் எனக்கு மற்ற எந்த நாற்றத்தையும்விட என் மேல்தான் அருவருப்பு.

பதினான்கு வருடம். வாங்கினவர்கள் துவைப்பார்கள் என்கிற சாதாரண விஷயம் எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. பழைய துணி எத்தனை துவைத்தாலும் தாங்கும், அதனால் யாரும் புகார் சொன்னதில்லை. என் மூக்கு நன்றாக இருந்தது. மூளைதான் விடுமுறையில் இருந்திருக்கிறது.

அட்டையையும் இருபத்தேழையும் எடுத்துக்கொண்டு அண்ணன் அறைக்குப் போனேன்.

அண்ணன் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்துவிட்டு அதை மூக்கருகே கொண்டுபோய் ஒரு முகர்வு. எங்கள் வீட்டில் இது ரத்தத்திலேயே இருக்கிறது போலும். நான் தொழிலாக்கிக்கொண்டேன், அவர் சும்மா செய்கிறார்.

"வா மூக்கி. கையெழுத்துப் போட்டுட்டியா?"

"அண்ணா, பூனைத் துணி துவைச்சா உரியுது."

அவர் திடுக்கிடுவார் என்று நினைத்தேன். பேனா மூடியைச் சட்டையில் துடைத்தார்.

"யாரு துவைச்சது?"

உரிகிறதா என்று கேட்கவில்லை, பாருங்கள். யார் துவைத்தது என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"துவைச்சா உரியும்னு உனக்கு முன்னாடியே தெரியும் அண்ணா."

"கத்தாத. ஆலைக்காரன் அனுப்பின தாள்ல ஒரு ஓரமா இருந்தது. துவைக்க வேண்டாம், ஈரத் துணியால துடைச்சாப் போதும்னு. எல்லாத் துணிக்கும் ஏதாவது ஒண்ணு போடத்தான் செய்வான்."

"மழைலயும் சேத்துலயும் போடற ஜாக்கெட்டைத் துவைக்காம என்ன பண்ணுவாங்க? நக்கிச் சுத்தம் பண்ணுவாங்களா?"

"உன் நாப்பது பேரும் மூணு வாரம் துவைக்கலையே. நீ துவைக்காதேன்னே, கேட்டுக்கிட்டாங்க. நாமளும் டேக்ல எழுதினாக் கேட்டுக்குவாங்க."

 அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இன்னும் சாவகாசமாகப் பேசினார்.

"இங்க பாரு. நான் யாரையும் ஏமாத்தல. வாங்கறவன் என்ன கேக்கறானோ அதைத்தான் குடுக்கறேன். மெத்துனு வேணுங்கறான், சத்தம் வேணாங்கறான். நானா சொல்றேன்? உன் தாள் சொல்லுது. முப்பத்தொரு பேர். இந்தத் துணியைப் பார்த்ததுமே உன் டெஸ்ட்ல பாஸாகிடும்னு எனக்குத் தெரியும். உன் டெஸ்ட்லதான் துவைக்கறதே கிடையாதே."

தூ என்று துப்பத் தோன்றியது. என் விதிக்குள் இருக்கிற ஓட்டையை அளந்து பார்த்து, அதற்குள் நுழைகிற மாதிரி ஒரு துணியைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறார். கூடப் பிறந்தவர். யாரோ அந்நியரும் இல்லை, எதிரியும் இல்லை. காலையில் என் கையால் காபி வாங்கிக் குடிக்கிறவர். அந்த வாயிலிருந்து இது வந்தது.

அட்டையை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். வட்டப் புள்ளிகள் அவருக்கும் தெரியும். முகம் ஒரு நொடி மாறியது. பிறகு அட்டையைத் திருப்பி வைத்தார்.

"துவைக்காதேன்னா துவைக்கக் கூடாது. அவன் என்னைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டான்?"

அப்போதுதான் கதவு திறந்தது. புறங்கையால் இல்லை, முழுக் கையால். அண்ணி நின்றார். ஒரு தோளில் பன்னிரண்டாம் எண் ஜாக்கெட். கையில் ஒரு வாளி தண்ணீர். வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது அவர் மூக்கு விடைத்திருந்ததில் தெரிந்தது.

"எந்திரிங்க."

"என்ன இது?"

"இதைப் போடுங்க."

"சீ, எவனோ போட்டது. நாறும்."

"நான் துவைச்சுட்டேன். இனிமே நாறாது. போடுங்க."

முப்பது வருடக் கல்யாணத்தில் அந்தக் குரலை அண்ணன் எத்தனை முறை கேட்டிருப்பாரோ தெரியாது. எழுந்து போட்டுக்கொண்டார். அண்ணி நாற்காலி மேல் ஏறினார். அவசரமே இல்லாமல் பாதி வாளியை இடது தோளில் ஊற்றினார், மீதியை வலது தோளில் ஊற்றினார். அலுவலக அறையில், மேஜை மேல், தாள்கள் மேல், எல்லாம் தண்ணீர்.

"இப்பக் கழட்டுங்க."

அண்ணன் கழற்றினார். இடது பக்கம் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. வலது பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை ஒட்டிப்போய் உடம்பு தெரிந்தது. தோளில் வெள்ளைப் பூச்சு பொடுகு மாதிரி ஒட்டியிருந்தது. பல் லேசாகத் தந்தியடித்தது அவருக்கு.

"குளிருதா?" என்றார் அண்ணி.

"பைத்தியமாடி உனக்கு?"

"மேல கம்பத்துல நிக்கறவனுக்கும் இப்படித்தான் குளிரும். உங்க கூடப் பிறந்தவன் அவன். அழுக்கை நான் எப்படியாவது துவைச்சுடுவேன். உங்களை எதுல போட்டுத் துவைக்கறதுன்னுதான் தெரியல."

அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"சரி," என்றேன். "நான் கையெழுத்துப் போடல. ரெண்டாயிரமும் நிக்கட்டும். துணியை மாத்து. பூனைத் துணி மாதிரி மெத்துனு, ஆனா உரியாததா தேடு. அதுவரைக்கும் கரகரப்பானே போகட்டும். நான் திரும்ப டெஸ்ட் பண்றேன். இந்தத் தடவை பத்துத் தரம் துவைச்சு."

அவர் மேஜை மேல் நனைந்த தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"அண்ணா, உன்னைத்தான்."

"அம்பது போயாச்சு."

"என்ன அம்பது?"

"முதல் லாட். அவங்க அவசரப்படுத்தினாங்க. மழைக்கு முன்னாடி வேணும்னு. நேத்தே அனுப்பியாச்சு."

"என் கையெழுத்து இல்லாமலா?"

மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஒரு கட்டு வெள்ளைத் துண்டுகள். ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். போட்டுப் பார்த்துச் சொன்னவர். கீழே என் கையெழுத்து. போன வருடத்து அச்சு. புதிதாக நான் போட வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை. நான்தான் உட்கார்ந்து போடலாமா வேண்டாமா என்று பெரிய நியாயஸ்தி மாதிரி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தத் துண்டைக் கையில் எடுத்தேன். அச்சு நல்ல அச்சு. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. ஈர மேஜையில் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. இது எத்தனை துவைத்தாலும் போகாது. ஜாக்கெட் முழுக்க உரிந்தாலும் இது மட்டும் அப்படியே இருக்கும்.

"எங்க அனுப்பினே?"

"மலைப்பாதை லைன் ஆபீஸுக்கு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி வேலை பார்க்கிற இடம் அது.

ஜன்னலுக்கு வெளியே பகல் பதினோரு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எண்ணைத் தேடித் தம்பிக்குப் போன் போட்டேன். ஐந்தாவது மணியில் எடுத்தான். பின்னால் காற்று இரைந்தது. யாரோ கயிறு, கயிறு என்று கத்தினார்கள்.

"அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஜாக்கெட் வந்துருச்சு."

"டேய், நான் சொல்றதக் கேளு..."

"நாப்பதுல நானும் ஒருத்தன், தெரியுமா உனக்கு? சொன்னா நீ எனக்காகப் பாரபட்சம் பார்ப்பேன்னு சொல்லல. தோள்ல ஈரம் இறங்குதுன்னு கார்டுல எழுதியிருந்தேன். கழுத்துல உன் கையெழுத்தைப் பார்த்ததும் புரிஞ்சுருச்சு, படிச்சுச் சரி பண்ணிட்டே."

"டேய், அது..."

"இங்க ரெண்டு மூணு பேர் இழுத்தாங்க, புதுசு எப்படி இருக்குமோன்னு. எங்க அக்கா கையெழுத்துப் போட்டிருக்கா, கண்ணை மூடிட்டுப் போடுங்கடான்னு நான்தான் சொன்னேன். நேத்தே எல்லாரும் மெஷின்ல ஒரு அலசு அலசிப் புதுத் துணி வாடை போகட்டும்னு காயப் போட்டுட்டாங்க. பழசு அம்பதையும் காலையிலதான் உங்க வண்டியிலயே ஏத்தி அனுப்பிட்டோம். சரிக்கா, மேல கூப்பிடறாங்க. மழை பிடிச்சுருச்சு."